எண்சுவடி முதல் இயந்திர ஆமை வரை
மட்டக்களப்பின் ஆரம்பக் கணிதக் கல்வியும் ஆசிரியப் பயிற்சியும்

கல்வி வரலாறு எழுதுவோர் பாடசாலைகளின் தோற்றத்தையும், சட்டங்களின் நிறைவேற்றத்தையும், அவற்றை நடத்திய பெரியோரின் பணிகளையும் விரித்துரைப்பர். ஆயின் வகுப்பறையிலே ஆசிரியரின் கையிலும் மாணவரின் கையிலும் இருந்த கருவிகளைப் பற்றி அவர்கள் பெரும்பாலும் பேசுவதில்லை. மணல், ஏடு, கற்பலகை, எண்சட்டம், அச்சுநூல், கணினி என ஒன்றன்பின் ஒன்றாக வந்த இக்கருவிகள் ஒவ்வொன்றும் ஆசிரியரிடம் ஒரு புதிய ஆற்றலை வேண்டி நின்றன. அவ்வாற்றலை ஆசிரியருக்கு அளித்தவர் யார், எவ்வாறு அளித்தனர், அளிக்கத் தவறியபோது விளைந்தது யாது என்னும் வினாக்கள் வரலாற்று மாணவரின் கவனத்திற்குரியன.

இன்று ஆரம்ப வகுப்புக் கணித பாடத்திலே றோபோ எனப்படும் சிறு இயந்திரங்களைப் பயன்படுத்துவது பல நாடுகளிலே வழக்கமாகி வருகின்றது. இவ்வழக்கம் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலுமுள்ள பாடசாலைகளை வந்தடையும்போது, அதனை ஏற்கும் ஆசிரியர் எவ்வகைப் பயிற்சி பெற்றிருத்தல் வேண்டும்? இவ்வினாவிற்கு விடை காண்பதற்கு இயந்திரத்தின் வரலாறு மட்டும் போதாது. இப்பிரதேசத்தின் கணிதக் கல்வி வரலாற்றையும் உடன்வைத்து நோக்குதல் இன்றியமையாதது.

திண்ணைப் பள்ளியின் கணிதம்

மேனாட்டார் வருகைக்கு முன்னர் தமிழ் வழங்கிய பகுதிகளிலே நிலவிய திண்ணைப் பள்ளிகளிற் கணிதம் தலையாய இடம் பெற்றிருந்தது. எண்சுவடி, நெல்லிலக்கம், பொன்னிலக்கம், குழிமாற்று முதலியன மனனஞ் செய்யப்பட்டன. 320 இல் ஒரு பங்காகிய முந்திரி, 80 இல் ஒரு பங்காகிய காணி, 20 இல் ஒரு பங்காகிய மா என்னும் பின்னங்களைச் சிறுவர் வாய்ப்பாடாகவே அறிந்திருந்தனர். நெல்லை அளக்கவும், நிலத்தைப் பகுக்கவும், கூலியைக் கணக்கிடவும் இவ்வறிவு உடனடியாகப் பயன்பட்டது. நெல் அளப்போர் ‘ஒன்று’ எனக் கூறாது ‘லாபம்’ எனக் கூறித் தொடங்கும் வழக்குத் தமிழரிடையே பரவலாகக் காணப்பட்டமை, எண்ணும் தொழிலும் எத்துணை நெருங்கியிருந்தன என்பதைக் காட்டும். வயற்செய்கையே வாழ்வாயமைந்த மட்டக்களப்புப் போன்ற பிரதேசத்திற்கு இக்கணிதம் அயலானதன்று.

அப்பள்ளியின் ஆசிரியருக்குத் தனியான பயிற்சி நிலையம் இருக்கவில்லை. மாணவரில் மூத்தவனாகிய சட்டாம்பிள்ளை இளையோருக்குக் கற்பித்தான். கற்பித்தலின் வழியே அவன் ஆசிரியத் தொழிலையும் கற்றான். இம்முறை உலகக் கல்வி வரலாற்றிலே எதிர்பாராத ஓர் இடத்தைப் பெற்றது. சென்னை எழும்பூரிலே இராணுவத்தினரின் ஆண் அனாதைச் சிறுவருக்கான இல்லத்தை 1789 முதல் நடத்திய அன்றூ பெல் என்னும் பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டார். அதனையும் மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் முறையையும் தமது இல்லத்திற் கையாண்டு, 1797 இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். இது ‘சென்னை முறை’ என்னும் பெயரால் இங்கிலாந்திலும் அதன் குடியேற்ற நாடுகளிலும் பரவியது.

ஆயின் பரவிய முறையிலே ஒரு மாற்றம் நிகழ்ந்தது. திண்ணையிலே குருவுக்கும் மாணவனுக்குமிடையே நிலவிய நெருக்கம் மறைய, நூற்றுக்கணக்கான சிறுவர் ஒரே கட்டளைக்கு ஒரே வேளையிற் பணியும் ஒழுங்கு மேலோங்கிற்று. இயந்திரம் வகுப்பறைக்கு வருவதற்கு முன்னரே மனிதரை இயந்திரம்போல இயக்கும் கல்விமுறை வந்துவிட்டது எனலாம். பிற்காலத்து றோபோவைப் பற்றிச் சிந்திக்கும்போது இவ்வுண்மை நினைவிற் கொள்ளத்தக்கது. வகுப்பறையை இயந்திரத்தன்மை உடையதாக ஆக்குவது எப்பொழுதும் இயந்திரமே என்பதில்லை.

மிசன் பாடசாலைகளும் விபுலாநந்தரும்

1814 இல் இலங்கைக்கு வந்த வெஸ்லியன் மிசனரிமாருள் ஒருவராகிய வில்லியம் ஓல்ட் மட்டக்களப்பிற் பணி தொடங்கினார். மறு ஆண்டிலேயே அவர் காலமானாரெனினும், அவர் தொடக்கிய கல்விப்பணி நிலைத்தது. மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் வரலாற்றை அவ்வாண்டிலிருந்தே கணக்கிடுகின்றது. 1873 இல் புனித மிக்கேல் கல்லூரி தோன்றியது. இப்பாடசாலைகளின் வழியே ஆங்கில எண்முறையும், தசமமும், கற்பலகையும், அச்சிட்ட கணக்கு நூலும் வாவிக்கரைக்கு வந்தன. முந்திரியும் மாகாணியும் படிப்படியாக வழக்கொழிந்தன. புதிய கணிதம் உலகத்தோடு தொடர்புகொள்ள உதவிற்று. ஆனால் களத்துமேட்டுக் கணக்கிற்கும் வகுப்பறைக் கணக்கிற்கும் இடையே ஒரு பிளவையும் அது உண்டாக்கிற்று.

இப்பிளவை இணைக்க முயன்றோருள் முதன்மையானவர் காரைதீவிலே 1892 இல் மயில்வாகனனாராகத் தோன்றிய சுவாமி விபுலாநந்தர். அவரைத் தமிழறிஞராகவும் துறவியாகவும் போற்றும் உலகம், அவர் பயிற்றப்பட்ட ஆசிரியர் என்பதைப் பெரிதும் எண்ணிப்பார்ப்பதில்லை. 1911, 1912 ஆம் ஆண்டுகளிலே கொழும்பு ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையிற் பயின்று, தாம் கற்ற மிக்கேல் கல்லூரியிலேயே அவர் கற்பிக்கத் தொடங்கினார். பின்னர் விஞ்ஞானம் பயின்று இலண்டன் பல்கலைக்கழகப் பட்டமும் பெற்றார். 1930களிலே சென்னையில் நடைபெற்ற கலைச்சொல்லாக்க முயற்சியிலே பங்குகொண்டார். 1929 இல் கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார்.

1947 இல் வெளிவந்த அவரது ‘யாழ் நூல்’ கணிதக் கல்வியின் நோக்கிலும் குறிப்பிடத்தக்கது. வழக்கிழந்த ஒரு கருவியை அவர் இலக்கியச் சான்று கொண்டு மட்டும் விளக்கவில்லை. சுருதிகளின் விகிதங்களைக் கணக்கிட்டு அதன் அமைப்பைக் காண முயன்றார். கருவியின் உள்ளே மறைந்திருக்கும் கணிதத்தைக் காண்பவனே அக்கருவியைப் பிறருக்குக் கற்பிக்க வல்லவன் என்னும் உண்மையை அவரது ஆய்வு உணர்த்துகின்றது. ஆசிரியப் பயிற்சி பற்றிய எந்த விவாதத்திற்கும் இது பொருந்தும்.

சீர்திருத்தங்கள் தந்த பாடம்

1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும் தாய்மொழிக் கல்வியும் ஆசிரியர் தேவையைப் பன்மடங்காக்கின. மட்டக்களப்பு, அட்டாளைச்சேனை ஆகிய இடங்களில் அமைந்த அரசினர் ஆசிரியர் கலாசாலைகள் கிழக்கிலங்கையின் கிராமப் பாடசாலைகளுக்கு ஆசிரியரைப் பயிற்றின.

1972 இன் கல்விச் சீர்திருத்தம் கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் கனிட்ட இடைநிலை மாணவர் அனைவருக்கும் உரியனவாக்கிற்று. நோக்கம் உயர்ந்தது. ஆனால் தொடை முதலிய புதிய எண்ணக்கருக்களைத் தாமே கற்றிராத ஆசிரியர் பலர், குறுகிய கருத்தரங்குகளின் பின்னர் அவற்றைக் கற்பிக்க வேண்டியவராயினர். புதிய பாடம் பழைய முறையிலே, மனனஞ் செய்யவேண்டிய மற்றொரு பகுதியாக மாறும் ஆபத்து அதிலே உள்ளடங்கியிருந்தது. பாடவிதானம் விரைந்தோடிற்று, பயிற்சி பின்தங்கிற்று.

இக்குறையை உணர்ந்தமையின் விளைவாக 1980களிலே நிறுவனங்கள் தோன்றின. 1985 இன் சட்டத்தினால் தேசிய கல்வி நிறுவகமும், 1986 இன் 30 ஆம் இலக்கச் சட்டத்தினால் கல்வியியற் கல்லூரிகளும் அமைவு பெற்றன. இரண்டாண்டுகள் விடுதியில் தங்கிக் கற்றலும், ஓராண்டு பாடசாலையிற் கட்டுறுப் பயிற்சி பெறுதலும் என்னும் ஒழுங்கிலே அமைந்த தேசிய கல்வியியற் கல்லூரியொன்று மட்டக்களப்பிலே தாழங்குடாவில் இயங்குகின்றது. 1981 இல் வந்தாறுமூலையிலே பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கப்பட்ட நிறுவனம் 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று.

1999 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை என மூன்று கற்றல் முறைகளை வகுத்தது. முதலிரு தரங்களிலே விளையாட்டிற்கு முதலிடம். அடுத்த இரு தரங்களிலே மூன்றிற்கும் சம இடம். ஐந்தாந் தரத்திலே எழுத்து வேலைக்கு முதலிடம். றோபோவைக் கணித பாடத்திற் சேர்ப்பதற்கு வேண்டிய கோட்பாட்டு இடம் இச்சீர்திருத்தத்திலேயே அமைந்துள்ளமை கவனிக்கத்தக்கது. ஆனால் போரும், 2004 டிசம்பர் 26 இன் ஆழிப்பேரலையும் இப்பிரதேசத்துப் பாடசாலைகளை வருத்திய காலத்திலேயே இச்சீர்திருத்தம் வேரூன்ற வேண்டியிருந்தது.

இயந்திர ஆமையின் வரலாறு

றோபோ என்னும் சொல் செக் நாட்டு எழுத்தாளர் கரெல் சாப்பெக் 1920 இல் எழுதிய நாடகத்தின் மூலம் உலக வழக்கிற்கு வந்தது. செக் மொழியிலே அதன் மூலச்சொல் கட்டாய ஊழியத்தைக் குறிக்கும். இலங்கை வரலாற்றின் இராசகாரியத்தை ஒத்த பொருள் அது. மனிதனுக்காக உழைக்கும் அடிமை என்ற கருத்திலே பிறந்த அச்சொல், குழந்தைக்குக் கற்றல் துணையாக மாறியது இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலாகும்.

1948, 1949 ஆம் ஆண்டுகளிலே இங்கிலாந்தின் பிறிஸ்ரல் நகரிலே கிறே வோல்ற்றர் என்னும் நரம்பியல் அறிஞர், ஒளியை நோக்கி ஊர்ந்து செல்லும் இரு சிறு இயந்திரங்களை அமைத்தார். அவை ஆமைகள் எனப்பட்டன. 1967 இல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்திலே சீமோர் பப்பேற், வோலி போர்செய்க், சிந்தியா சொலமன் முதலியோர் சிறுவருக்கென ‘லோகோ’ என்னும் நிரல்மொழியை உருவாக்கினர். சில ஆண்டுகளில் அம்மொழியின் கட்டளைக்குப் பணிந்து தரையிலே நகர்ந்து பேனாவாற் கோடு வரையும் இயந்திர ஆமை தோன்றிற்று. ஜெனீவாவிலே பியாஜேயுடன் பணியாற்றிய பப்பேற், பிள்ளை தானே ஆக்கிக்கொள்ளும் அறிவே நிலைக்கும் என்று கருதினார். 1980 இல் வெளிவந்த அவரது நூல் இக்கருத்தை உலகெங்கும் பரப்பிற்று. 1982 இல் ஆபிரிக்காவின் செனகல் நாட்டிலும் இம்முயற்சி பரிசோதிக்கப்பட்டது.

ஆயின் 1984 இல் எழுந்த ஒரு வினா இவ்வரலாற்றின் திருப்புமுனையாகும். நியூயோர்க் நகரின் பாங்க் ஸ்றீற் கல்வியியற் கல்லூரியைச் சேர்ந்த ரோய் பீயும் மிடியன் கேர்லண்டும் லோகோ கற்ற பிள்ளைகளையும் கல்லாத பிள்ளைகளையும் ஒப்பிட்டனர். திட்டமிடும் ஆற்றலிலே இரு சாராருக்குமிடையே எதிர்பார்க்கப்பட்ட வேறுபாடு காணப்படவில்லை. இதற்கு 1987 இல் மறுமொழி எழுதிய பப்பேற், ஒரு கருவி தானே என்ன விளைவைத் தரும் என வினவுவதே தவறென வாதிட்டார். மரமும் சுத்தியலும் நல்ல வீட்டைத் தருமா என யாரும் கேட்பதில்லை. தச்சனைப் பற்றியே கேட்பர். வகுப்பறையிலே அத்தச்சன் ஆசிரியரே. எதிரெதிராக நின்ற இரு சாராரும் ஈற்றிலே ஒரே முடிபிற்கு வழிகாட்டினர்: பயிற்றப்பட்ட ஆசிரியரின்றி இயந்திரத்தினாற் பயனில்லை.

இயந்திரம் கேட்கும் கணிதம்

ஆசிரியருக்கு இங்கு வேண்டப்படும் பயிற்சி இயந்திரத்தை இயக்கும் பயிற்சி மட்டுமன்று. ஓர் எடுத்துக்காட்டால் இது தெளிவாகும். சமபக்க முக்கோணி ஒன்றை வரையுமாறு ஆமைக்குக் கட்டளையிட வேண்டுமெனக் கொள்க. முக்கோணியின் ஒவ்வோர் அகக்கோணமும் 60 பாகை எனக் கற்ற மாணவன், ஒரு பக்கம் சென்றதும் 60 பாகை திரும்புமாறு பணிப்பான். மூன்று முறை அவ்வாறு செய்தபின் முக்கோணி தோன்றாது. அறுகோணியின் பாதியே தோன்றும். ஆமை திரும்புவது புறக்கோணத்தினூடாக ஆதலின் 120 பாகை திரும்புதல் வேண்டும். உருவைச் சுற்றி வந்து தொடங்கிய திசையையே மீண்டும் நோக்கும் ஆமை மொத்தமாக 360 பாகை திரும்பியிருக்கும். இவ்விதியைக் கண்டறிந்த மாணவன் சதுரத்திற்கு 90, அறுகோணிக்கு 60 எனத் தானே கணித்துக்கொள்வான்.

இவ்வேளையிலே ஆசிரியர் செய்யக்கூடியவை இரண்டு. ‘60 பிழை, 120 இடு’ எனக் கூறிப் பாடத்தை முடித்தல் ஒன்று. பாதி அறுகோணியை மாணவருக்குக் காட்டி, ‘இவ்வாறே தொடர்ந்து சென்றால் என்ன உருவம் வரும்?’ என வினவுதல் மற்றொன்று. முதலாமவர் இயந்திரத்தை அறிந்தவர். இரண்டாமவர் கணிதத்தையும் மாணவனையும் அறிந்தவர். மாணவனின் தவறான விடையைப் புதியதொரு பாடத்தின் வாயிலாகக் காணும் இவ்வாற்றல் ஒருநாட் கருத்தரங்கிற் கிட்டுவதன்று.

இளம் வகுப்புகளிலே இது மேலும் நுட்பமானது. ஆங்கில ஆரம்பப் பாடசாலைகளிலே பரவிய தேனீ வடிவச் சிறு றோபோ, ஒரு பொத்தானை அழுத்தினால் 15 சென்ரிமீற்றர் முன்செல்லும்; வேறொன்றை அழுத்தினால் நின்ற இடத்திலேயே 90 பாகை திரும்பும். கட்டங்களிட்ட விரிப்பிலே அதனை நான்கு கட்டம் நகர்த்த வேண்டிய பிள்ளை, அது நிற்கும் கட்டத்தையும் சேர்த்து எண்ணுவதுண்டு. எண்கோட்டிலே புள்ளிகளை எண்ணுவதா, இடைவெளிகளை எண்ணுவதா என்னும் பழைய குழப்பமே இங்கு வெளிப்படுகின்றது. திரும்பும் கட்டளை இயந்திரத்தைப் பக்கத்துக் கட்டத்திற்கும் கொண்டுசெல்லும் என எண்ணும் பிள்ளைகளும் உளர். திசையும் தூரமும் வேறுவேறு என்னும் அறிவு அவர்களிடம் இன்னும் முதிரவில்லை. தாளிலே மறைந்துகிடக்கும் இத்தகைய மயக்கங்களைக் கண்முன் கொணர்வதே றோபோவின் உண்மையான பயன். கண்முன் வந்ததைக் காணும் கண் ஆசிரியருக்கு இல்லையெனின் அப்பயனும் இல்லை.

வாவிக்கரையின் வளங்கள்

இப்பயிற்சிக்கு வேண்டிய மூலவளங்கள் மட்டக்களப்புப் பண்பாட்டிலே இல்லாதனவல்ல. பப்பேற் தம் மாணவரிடம், ஆமை என்ன செய்யவேண்டும் என அறியாதபோது எழுந்து நடந்து பார்க்குமாறு கூறினார். உடலால் அறிந்தது உள்ளத்தில் நிலைக்கும் என்பது அவர் கொள்கை. வட்டக்களரியிலே தாளக்கட்டிற்கு இசைய அடிவைத்து, எண்ணித் திரும்பி, எதிராடுவோனுடன் இடம் மாறும் கூத்தனும், கோல்களைத் தட்டியவாறு சுற்றிவரும் வசந்தன் ஆட்டச் சிறுவனும் இதனை அறிவர். அண்ணாவியார் சொல்லும் தாளக்கட்டு ஒருவகைக் கட்டளைத் தொடரே. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையிலே கூத்திற்குப் புத்துயிர் அளித்தபோது அதன் கலைச்சிறப்பு உலகறிந்ததாயிற்று. அதன் கணிதச் சிறப்பை வகுப்பறை இன்னும் முழுமையாகப் பயன்கொள்ளவில்லை.

மருதமுனையின் கைத்தறி மற்றொரு வளம். எந்த இழை மேலெழ வேண்டும், எது தாழ வேண்டும் என்னும் ஒழுங்கு மீண்டும் மீண்டும் நிகழ்வதாலேயே கரை உருப்பெறுகின்றது. பிரான்சு நாட்டவராகிய ஜக்கார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே துளையிட்ட அட்டைகளாற் தறியை இயக்கியமை கணினியின் முன்வரலாறாகக் கொள்ளப்படுவதும் இக்காரணத்தினாலேயே. கோலமும் அவ்வாறானதே. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிவ்ற் சிரோமணி முதலிய அறிஞர் 1974 இல் கோலங்களின் அமைப்பைக் கணினி இலக்கண முறையால் ஆராய்ந்தனர். பின்னர் அக்கோலங்கள் ஆமை வரைகலையினாலும் வரைந்து காட்டப்பட்டன. ‘எழில்’ என்னும் தமிழ் நிரல்மொழி ஆமைக்குத் தமிழிலேயே கட்டளையிட வழி செய்துள்ளது.

எனவே கல்வியியற் கல்லூரியிலே இப்பயிற்சி இயந்திரத்திலிருந்து தொடங்கவேண்டிய நியதி இல்லை. பயிலும் ஆசிரியர் முதலில் மணற்றரையிலே தாமே ஆமையாக நடந்து, தோழர் இடும் கட்டளைக்குப் பணிந்து, கட்டளையின் குறையை உணர வேண்டும். பின்னர் வசந்தன் அடிவைப்பையோ கோலத்தையோ கட்டளைத் தொடராக எழுத வேண்டும். மூன்றாவதாகவே றோபோ வரவேண்டும். ஈற்றிலே, கட்டுறுப் பயிற்சியின்போது பிள்ளைகள் செய்யும் தவறுகளைக் குறித்துவைத்து, கல்லூரிக்கு மீண்டு ஆராய வேண்டும். இவ்வொழுங்கிற் பயின்ற ஆசிரியர், இயந்திரம் பழுதுற்ற நாளிலும் பாடம் நடத்த வல்லவராவர்.

எழுவான்கரையும் படுவான்கரையும்

இங்கு ஒரு மறுப்பு எழுதல் இயல்பு. ஆசிரியரும் தளபாடமும் போதாத கிராமப் பாடசாலைகளுக்கு றோபோ எதற்கு, அப்பணத்தை அடிப்படைத் தேவைகளுக்குச் செலவிடலாகாதா எனச் சிலர் கேட்பர். இம்மறுப்பு வலிமையுடையது. வாவி நீண்ட காலமாக நீரை மட்டுமன்றி வாய்ப்பையும் பிரித்து வந்துள்ளது. எழுவான்கரையின் நகரப் பாடசாலைகள் பெற்றவற்றைப் படுவான்கரையின் கொக்கட்டிச்சோலை, வவுணதீவு, வெல்லாவெளிப் பகுதிகள் காலந்தாழ்த்தியே பெற்றன. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை அத்துறையைக் கடக்கப் படகுப்பாதையே துணையாயிருந்தது. புதிய கருவி வசதியுள்ள பாடசாலைகளுக்கு மட்டும் சென்று சேருமாயின், பழைய பிளவின்மேல் மற்றொரு பிளவாகவே அது அமையும்.

ஆயின் இம்மறுப்பிலிருந்து பெறப்படும் முடிபு கருவியை ஒதுக்குதல் அன்று. முதலீட்டின் வரிசையை மாற்றுதலாகும். வாங்கிய இயந்திரம் சில ஆண்டுகளிலே பழுதடையும். பயிற்றப்பட்ட ஆசிரியரோ பல்லாண்டுகள் ஆண்டுதோறும் புதிய பிள்ளைகளுக்குக் கற்பிப்பார். பத்துப் பாடசாலைகளுக்கு இயந்திரம் வழங்கி ஆசிரியரைப் பயிற்றாது விடுவதிலும், பத்து ஆசிரியரைப் பயிற்றி ஓர் இயந்திரத் தொகுதியை ஆசிரிய மத்திய நிலையத்தில் வைத்து முறைவைத்து வழங்குவது நாட்டிற்கு நன்மை பயக்கும். அவ்வாறு பயிற்றப்படுவோரிற் படுவான்கரையிலே பணியாற்றுவோர் முதலிடம் பெறுதல் நீதியுமாகும்.

முடிபாக

சட்டாம்பிள்ளை முதல் கல்வியியற் கல்லூரி வரையிலான வரலாறு உணர்த்துவது இதுவே. கருவியின் வரவால் மட்டும் மட்டக்களப்பிலே கணிதக் கல்வி உயர்ந்ததில்லை. அக்கருவியின் உட்பொருளை உணர்ந்த ஆசிரியர் உருவானபோதே அது உயர்ந்தது. 1972 இலே பாடவிதானம் முன்னே செல்லப் பயிற்சி பின்னே சென்றது. றோபோவின் விடயத்திலே அவ்வரிசை மாற்றப்படுமா என்பது கல்வித் திணைக்களங்களின் முன்னும், கிழக்கிலங்கையின் ஆசிரியப் பயிற்சி நிலையங்களின் முன்னும், இப்பிரதேசத்தின் பல்கலைக்கழகத்தின் முன்னும் உள்ள வினாவாகும். பாதி அறுகோணியை வரைந்துவிட்டுத் திகைத்து நிற்கும் பிள்ளையிடம் ‘இன்னும் சென்றுபார்’ எனக் கூறத் தெரிந்த ஆசிரியர் வாவியின் இரு கரைகளிலும் இருக்கும் நாளிலேயே அவ்வினாவிற்கு விடை கிடைத்ததாகக் கொள்ளலாம்.